ஊசிக்கு முன்னால் ஒரு புத்தகம்

1989-இல் பாஸ்டன் நகர மருத்துவமனையில் தொடங்கிய 'ரீச் அவுட் அண்ட் ரீட்' திட்டத்தில், பரிசோதனைக்கு வரும் குழந்தைக்கு டாக்டரே புத்தகம் கொடுத்து, எப்படிப் படித்துக் காட்டுவது என்று பெற்றோருக்கும் சொல்லித்தருவார். நம்மூர் கிளினிக்கிலும் செய்யலாம். நாள் குறிக்கிற வேலைகூட இல்லை, தடுப்பூசி அட்டை இருக்கிறது: ஒன்பதாம் மாதம், ஒன்றரை வயது, ஐந்து வயது. ஒன்பது மாதத்துக்குக் கெட்டி அட்டைப் புத்தகம். ஏ, பி, சி, டி புத்தகம் வேண்டவே வேண்டாம், வீட்டில் அன்றைக்கே பாடம் ஆரம்பித்துவிடுவார்கள்.

கொடுக்கிற இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கிளம்பும்போது மருந்துச் சீட்டோடு அம்மாவின் பையில் திணித்தால் அது பையிலேயே கிடக்கும். ஊசி போட்டு வீறிடும்போது நீட்டுவது அதைவிட மோசம். குழந்தை மடியில் உட்கார்ந்ததும், ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே, குழந்தையின் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டுச் சும்மா பாருங்கள். ஒன்பது மாதக் குழந்தை நேரே வாய்க்குத்தான் கொண்டுபோகும். அம்மா பதறிப் பிடுங்குவார். "விடுங்கம்மா, இந்த வயசுல அப்படித்தான்" என்று சொல்லுங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் "நாய்க்குட்டி எங்கே?" என்றால் விரலை நீட்டும், அட்டையைப் புரட்டும். பார்வை, செவி, கைவிரல், பேச்சு எல்லாம் எப்படி இருக்கிறது என்று ஓரளவு அங்கேயே பிடிபடும். நேரமில்லை என்கிற டாக்டர்களுக்கு இதைவிட நல்ல குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

"படிக்கத் தெரியுமா?" என்று அம்மாவிடம் கேட்காதீர்கள். தெரியாதவர் கூசிப்போவார். ஒரு பக்கத்தைத் திறந்து, "இங்க பாரு, பூனை பால் குடிக்குது" என்று நீங்களே பேசிக் காட்டுங்கள். "தூங்கவைக்கும்போது இப்படிப் பேசினாப் போதும்." பாட்டி கூட வந்திருந்தால் புத்தகத்தை அவர் பக்கம் திருப்புங்கள், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

பணத்துக்கு அரிமா சங்கம், ஜவுளிக்கடை, பிறந்தநாளுக்கு அன்னதானம் செய்பவர்கள் என்று ஊரில் கேளுங்கள். ரொக்கம் வாங்காமல் பட்டியலைக் கொடுத்துப் புத்தகமாகவே வாங்கினால் கணக்குத் தகராறு வராது. கடைப் பெயர் அட்டையில் வர வேண்டும் என்பார்கள். உள்பக்கத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப், அவ்வளவுதான். பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சடிக்கலாம். ஆனால் பின் அடித்த புத்தகத்தைக் கைக்குழந்தையிடம் தராதீர்கள், பின் வாய்க்குள் போய்விடும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை ஊசிக்குக் காத்திருக்கும் கூட்டத்துக்கு யாராவது பாய் விரித்து உட்கார்ந்து படித்துக் காட்டலாம். கல்லூரி மாணவிகள் நன்றாகச் செய்வார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் ஆசையாக வருவார்கள், கதை முடிந்ததும் கேள்வி கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.