வழிகாட்டும் கோள்களின் பாதையும் கடிகாரமும்

ஆந்திர மாநிலத்துச் சூளூர்பேட்டையிலிருந்து பழவேற்காடு ஏரியின் ஊடே கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை ஸ்ரீஹரிகோட்டாவை அடைகிறது. இந்தியாவின் ‘நாவிக்’ வழிகாட்டும் அமைப்பிற்குரிய முதற் கோளாகிய ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ, 2013 ஜூலை 1 அன்று அங்கிருந்து ஏவப்பட்டது. அதன் மூன்று ருபீடியம் அணுக் கடிகாரங்களும் சில ஆண்டுகளிலேயே பழுதுற்றன. கோள் விண்ணில் நிலைத்திருந்தும், இடங்காட்டும் பணிக்கு உதவாதாயிற்று.

இதன் காரணம் எளிது. கோளிலிருந்து புறப்பட்ட ரேடியோ அலை நம்மை அடையப் பிடித்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கியே தூரம் அறியப்படுகிறது. கடிகாரம் ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு பிழைப்பின், தூரம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் பிழைபடும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைப்பின், 300 மீட்டர் பிழைபடும்.

ஆயின், கண்ட பிழை கடிகாரத்தினுடையதா, பாதைக் கணக்கினுடையதா என்று எங்ஙனம் அறிவது? கோள் கணக்கிட்ட இடத்தைவிட ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தாலும், அதன் கடிகாரம் அதற்கு ஈடான சிறு பொழுது பிந்தியிருந்தாலும், அலை ஒரே அளவு தாமதமாகவே வந்து சேரும். ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள கோளை இந்தியாவிற்குள் இருக்கும் நிலையங்கள் மட்டும் நோக்கும்போது, இவ்விரு பிழைகளையும் பிரித்தறிதல் அரிது. அடுத்தடுத்த இரு நாட்களின் கணக்குகள் ஒன்றோடொன்று இசைந்திருப்பதும் போதிய சான்றன்று. இரண்டும் ஒரே வகையில் தவறியிருக்கலாம்.

இங்கே லேசர் ஒளி துணைபுரிகிறது. தரையிலிருந்து அனுப்பப்படும் ஒளித் துடிப்பு, கோளில் பதித்த பிரதிபலிப்பான்களிற் பட்டுத் திரும்புகிறது. புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம் ஆகிய இரண்டையும் தரையிலுள்ள ஒரே கடிகாரம் அளக்கிறது. கோளின் கடிகாரத்திற்கு இதில் பங்கில்லை. ஆகவே, கணக்கிட்ட தூரத்திற்கும் லேசர் அளந்த தூரத்திற்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் பாதையின் பிழையே. பாதை இவ்வாறு சரிபார்க்கப்பட்டபின், ரேடியோ அளவீட்டில் எஞ்சும் பிழையிலிருந்து கடிகாரத்தின் நடத்தையை மதிப்பிடலாம்.

பழுதுற்ற கோளிற்கு மாற்றாக 2017 ஆகஸ்டு 31 அன்று அனுப்பிய கோள், வெப்பக் கவசம் பிரியாமையால் பயன்படவில்லை. 2018 ஏப்ரல் 12 அன்று ஏவிய ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஐ உரிய பாதையை அடைந்தது. 2023 மே 29 அன்று சென்ற என்.வி.எஸ்.-01 கோளில், இந்தியாவிலேயே செய்த ருபீடியம் கடிகாரம் முதன்முறையாக இடம்பெற்றது. கடிகாரத்தைச் செய்தல் ஒரு திறன். அதன் பிழையைப் பாதையின் பிழையினின்றும் பிரித்தறிதல் அதனினும் குறையாத திறனாகும்.