சாவியைக் கொடுக்கும் முன்

ஆடிப் பதினெட்டில் பூஜை போட்டுச் சிவகாசிக் கடைகள் தீபாவளி விற்பனையைத் தொடங்கிவிட்டால், வீட்டில் சும்மா இருக்க யாருக்கும் நேரமிருக்காது. பிளஸ் டூ படிக்கும் பையனும் வேலைக்கு வந்துவிடுவான். “தம்பி, காரை எடுத்துட்டுப் போயி சாத்தூர்ல இந்த ரெண்டு பெட்டியக் குடுத்துட்டு வந்துரு” என்பார் அப்பா. தினசரி காலண்டர் தொங்கும் ஆணியிலேயே மாட்டியிருக்கும் சாவி அவன் கைக்குப் போகும். அம்மா தயங்கினால், “ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருக்கு, பயப்படாத” என்று ஒரு சமாதானம்.

அந்தச் சமாதானத்தில் உண்மை இல்லை. பாலிசித் தாளில் ‘ஓட்டுநர்’ பற்றிப் பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், ஆனால் விபத்து நேரத்தில் அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். கார் ஓட்ட லைசென்ஸ் 18 வயதில்தான் கிடைக்கும். பதினேழு வயதுப் பையன் ஓட்டி பம்பர் நசுங்கினாலும் சரி, வண்டியே நொறுங்கினாலும் சரி, செலவு அப்பாவுடையது.

“பையன் பேரையும் பாலிசியில சேர்த்து, கூடக் கொஞ்சம் பணம் கட்டிரலாமே?” அமெரிக்காவில் பிள்ளைகள் உள்ளவர்கள் இப்படிக் கேட்பார்கள். அங்கே அது வழக்கம். இங்கே பாலிசி வண்டிக்குத்தான். 1000 முதல் 1500 சிசி வரையுள்ள காருக்கு 2022 ஜூன் முதல் மூன்றாம் நபர் பிரீமியம் ஆண்டுக்கு 3,416 ரூபாய். அதை ஓட்டுபவருக்கு வயது 18 ஆனாலும் 58 ஆனாலும் அதே தொகைதான். லைசென்ஸ் இல்லாதவரைப் பணம் கட்டிச் சேர்க்க வழியே இல்லை.

“அடிபட்டவங்களுக்கு எப்படியும் கம்பெனி குடுத்துரும்.” பாதி உண்மை. பல குடும்பங்கள் ஏமாறுவது இந்தப் பாதியில்தான். விடியற்காலையில் ஆலை வேனுக்காகச் சாலையோரம் தூக்குவாளியோடு நிற்கும் ஒரு பெண்மீது கார் மோதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அவர் குடும்பம் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காக, முதலில் காப்பீட்டு நிறுவனமே இழப்பீட்டைக் கொடுக்கும்படி தீர்ப்பாயம் சொல்லலாம். பிறகு அந்தத் தொகை முழுவதையும் வண்டி உரிமையாளரிடம் நிறுவனம் வசூலித்துக்கொள்ளும். ஸ்வரண் சிங் வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி இது. அடிபட்டவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருப்போர் எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் போட்டால் தொகை பல லட்சம் ஆகிவிடும். ஆயுள் முழுக்க உழைத்துக் கட்டிய வீடே போய்விடும். “எனக்குத் தெரியாம சாவியை எடுத்துட்டான்” என்ற பதிலும் எளிதில் எடுபடாது. பைக்கைச் சிறுவன் ஓட்டிய ஒரு வழக்கில் உரிமையாளர் அப்படித்தான் சொன்னார். 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

போலீஸ் பிடித்தால் ஏதோ அபராதத்தோடு முடிந்துவிடும் என்பதும் பழைய கணக்கு. 2019 செப்டம்பரில் மோட்டார் வாகனச் சட்டத்தில் வந்த 199-ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது முடியும்வரை லைசென்ஸ் கிடையாது. வேலைக்குப் போகும் வயதில் அவன் படப்போகும் கஷ்டத்தை நினைத்துப் பாருங்கள்.

“டிவிஎஸ் ஃபிப்டிதானே, அதுக்கெதுக்கு லைசென்ஸ்?” ஊரில் இன்னும் அந்தப் பேர்தான் வழங்குகிறது. இப்போது ஓடும் எக்ஸ்எல் 100-ன் இன்ஜின் 99.7 சிசி. 16 வயதுக்காரருக்குச் சட்டம் தரும் சலுகை 50 சிசிக்குள் உள்ள வண்டிக்கு மட்டுமே, அதற்கும் லைசென்ஸ் வேண்டும்.

பதினெட்டு முடிந்து எல்.எல்.ஆர். எடுத்தாயிற்றா? எல் போர்டு மாட்டி, லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பாலிசி ஏற்கும். ஆனால் பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு வண்டி உரிமையாளருக்கு மட்டும்தான், மகனுக்கு இல்லை. அவன் பேரில் தனியாக ஒரு விபத்து பாலிசி கட்டாயம் எடுங்கள்.

கடைசியாக அந்த ரெண்டு பெட்டி. சொந்தக் காருக்கான பாலிசி, சொந்த லக்கேஜும் மாதிரிப் பொருளும் தவிர வேறு சரக்கு ஏற்றுவதை ஏற்பதில்லை. லைசென்ஸ் உள்ள அண்ணனே ஓட்டினாலும், விற்பனைக்கான பட்டாசு டிக்கியில் இருக்கும்போது தீப்பிடித்தால் கிளைமை மறுக்க நிறுவனத்துக்கு இடமுண்டு. பெட்டியைச் சரக்கு வண்டியில் அனுப்புங்கள். தம்பி கடையில் பில் போடட்டும்.