ஸ்கெலட்டனில் ஒரு வீட்டு முயல்: காப்பகத்திலிருந்து தத்தெடுப்போருக்கு முழுமையான வழிகாட்டி

2001-இல் சுரங்கம் மூடிய பிறகு, கோலார் தங்கவயலில் பல குடும்பங்களின் நாள் விடிகாலை பெங்களூர் ரயிலில் தொடங்கி இரவு ரயிலில் முடிகிறது. தங்கவயலின் ஸ்கெலட்டன் பக்கத்து வீடுகளும் அப்படித்தான். பகல் முழுக்க ஆளில்லாத வீட்டில் நாய்க்குட்டி ஏங்கிப்போகும். முயலின் நாளோ நம் நாளோடு ஒத்துப்போகிறது. விடியலிலும் அந்தியிலும் துள்ளி விளையாடும், நடுப்பகலில் தூங்கும். குரைக்காது, அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வரமாட்டார்கள், சின்ன லைன் வீட்டிலும் அதற்கு இடம் உண்டு.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைக்க வேண்டும். முயல் மற்ற விலங்குகளுக்கு இரையாகப் பிறந்த பிராணி. வலித்தாலும் காட்டிக்கொள்ளாது. பலவீனத்தைக் காட்டினால் பிடிபட்டுவிடுவோம் என்பது அதன் பிறவிக் குணம். அதனால் முயல் வளர்ப்பில் பாதி வேலை, உற்றுப் பார்க்கப் பழகுவதுதான். கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் அதுவே அடிப்படை.

படி 1: வீட்டாரோடு பேசி முடிவெடுங்கள்

நன்றாகக் கவனித்தால் வீட்டு முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழும். இன்று ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை கேட்டு வாங்கும் முயல், அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகும்போதும் வீட்டில் இருக்கும். ஆகவே பொறுப்பு பெரியவர் ஒருவருடையதாக இருக்கட்டும், பிள்ளைகள் உதவட்டும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், காய்ந்த புல்லின் தூசியும் முயலின் முடியும் அவர்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று காப்பகத்திலேயே சிறிது நேரம் இருந்து பாருங்கள்.

தீவனச் செலவு பெரிதாக இராது. கருத்தடை அறுவைக்கும், எதிர்பாராமல் வரும் நோய்க்கும்தான் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

படி 2: எங்கே போய்க் கேட்பது?

நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள பெரிய காப்பகங்கள், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில் இருக்கின்றன. 1991-இல் தொடங்கப்பட்ட ‘கூபா’ எனப்படும் கம்பேஷன் அன்லிமிடெட் பிளஸ் ஆக்‌ஷன் அவற்றில் பழையது. உறவினர் சென்னையில் இருந்தால், 1959-இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் இருக்கிறது. காப்பகங்களில் நாயும் பூனையும்தான் அதிகம். முயல் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. முதலில் தொலைபேசியில் கேட்டு, பெயரைப் பதிந்து வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

காப்பகத்தார் அடையாள அட்டை, முகவரிச் சான்று கேட்பார்கள். வீட்டின் படங்களைக் கேட்கலாம், நேரில் வந்தும் பார்க்கலாம். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், கூரை என்ன, தெருநாய் உண்டா என்று விசாரிப்பார்கள். இதைக் குடைச்சலாக நினைக்காதீர்கள். ஒரு முறை கைவிடப்பட்ட உயிர் மறுபடியும் கைவிடப்படக்கூடாது என்ற கவலையில் கேட்கிறார்கள்.

சந்தையிலும் திருவிழாவிலும் கூடையில் விற்கும் குட்டிகளை வாங்குவதை விட இது பல வகையில் மேல். தாயோடு 8 வாரமாவது இருக்க வேண்டிய குட்டிகளை அங்கே முன்கூட்டியே பிரித்து விற்றுவிடுகிறார்கள். ‘இரண்டும் பெண்’ என்று சொல்லிக் கொடுத்த ஜோடி, சில மாதங்களில் குட்டி போடும். சினைக்காலம் 31 நாட்கள்தான். ஈன்ற அன்றே மறுபடியும் சினையாகும் உடம்பு அதற்கு. காப்பக முயலின் குணம், வயது, ஆணா பெண்ணா என்பதெல்லாம் தெரிந்திருக்கும். பெரும்பாலும் கருத்தடையும் முடிந்திருக்கும்.

புதரிலிருந்து யாராவது காட்டுமுயல் குட்டியைப் பிடித்து வந்து கொடுத்தால் வாங்காதீர்கள். நம் பாறைக்காடுகளில் ஓடும் முயல் வேறு இனம், வீட்டு வளர்ப்புக்கு அடங்காது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.

படி 3: உங்கள் முயலைத் தேர்ந்தெடுங்கள்

காப்பகத்துக்குப் போனதும் கையை நீட்டித் தூக்காதீர்கள். அடைப்புக்குள் தரையில் உட்காருங்கள். அரைமணி நேரம் பேசாமல் இருந்தால், சில முயல்கள் தாமாக வந்து உங்கள் கால் விரலை முகரும். அப்படி வருவதுதான் புதியவர்களுக்கு ஏற்ற முயல். ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருக்கும் ஜோடி இருந்தால், பிரிக்காமல் இரண்டையும் கேளுங்கள். முயலுக்குத் துணை முயல்தான். பகலில் ஆளில்லாத வீட்டுக்கு ஜோடியே பொருத்தம்.

சிவந்த கண்ணுள்ள வெள்ளை முயலைப் பலர் நோய் என்று எண்ணி ஒதுக்குகிறார்கள். கண்ணில் நிறமி இல்லாததால் ரத்த ஓட்டம் சிவப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். பார்வை சற்று மங்கல் என்பதால், தூரத்தை அளக்கத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டும். பெரும்பாலும் சாதுவான முயல்கள்.

பிறகு காப்பகத்தாரை வைத்துக்கொண்டு இவற்றைச் சரிபாருங்கள்:

- முன்பற்கள் மேலும் கீழும் நேராகப் பொருந்துகின்றனவா?
- மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிகிறதா? முன்னங்கால் உள்பக்க முடி ஈரமாக, சிக்குப் பிடித்திருந்தால், மூக்கைத் துடைத்துத் துடைத்து அப்படி ஆகியிருக்கும்.
- காதுக்குள் பழுப்பு நிறப் பொருக்கு இருக்கிறதா? இருந்தால் சொறிப்பூச்சி.
- பின்பக்கம் சுத்தமாக இருக்கிறதா? பாதத்தில் புண் உண்டா?

குறை இருந்தால் வேண்டாம் என்று அர்த்தமில்லை. எதற்கு வைத்தியம் செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டு எடுப்பதற்காகத்தான் இந்தச் சோதனை.

படி 4: வீட்டைத் தயார் செய்யுங்கள்

முயலைக் கூட்டிக்கொண்டு வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். கூடத்தில் ஒரு மூலையைக் கம்பித் தடுப்பால் அடைத்து, அதன் எல்லையாக்குங்கள். மூன்று நான்கு எட்டுத் துள்ளவும், பின்னங்காலில் எழுந்து நிற்கவும் இடம் வேண்டும். வலைக்கம்பித் தரை கூடாது, பாதம் புண்ணாகும். வழுக்கும் சிமென்ட் தரைமேல் பாயோ பழைய ஜமுக்காளமோ விரியுங்கள்.

ஒளிந்துகொள்ள இரண்டு வாசல் வைத்த அட்டைப்பெட்டி ஒன்று அவசியம். ஒரு வழி அடைபட்டாலும் இன்னொரு வழி இருக்கிறது என்ற தைரியம் அதற்கு வேண்டும். ஒரு அகலத் தட்டில் செய்தித்தாள் போட்டு, மேலே காய்ந்த புல்லைப் பரப்பி வையுங்கள். தின்றுகொண்டே புழுக்கை போடுவது முயலின் வழக்கம். கருத்தடை ஆன முயல் சில வாரங்களில் அந்தத் தட்டிலேயே போகப் பழகிவிடும்.

மின்கம்பிகளைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டுங்கள். முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால், கடித்துத் தேய்ப்பது அதன் தேவை. சார்ஜர் வயரும் அதற்குக் குச்சிதான். கதவிடுக்கு, சாக்கடைத் துளை இரண்டையும் அடையுங்கள். எலி, பாம்பு, கீரி, தெருநாய் எதுவும் உள்ளே வரக்கூடாது.

படி 5: கூட்டி வரும் நாள்

வெயில் ஏறும் முன் கிளம்புங்கள். காற்றோட்டமுள்ள உறுதியான கூடையில் துணி விரித்து, நிறையப் புல் வையுங்கள். மடியில் வைத்து வரவேண்டாம். ரயிலில் வருவதானால், செல்லப்பிராணிக்கான விதியை நிலையத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கூடையைத் திறந்து வைத்துவிட்டு விலகுங்கள். தானாக வெளியே வரட்டும்.

படி 6: முதல் வாரம்

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பார்க்க வருவார்கள். ஒரு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். மேலிருந்து கை வந்தாலே முயலுக்குப் பருந்து நினைவுதான். அதனால் தினமும் காலையும் மாலையும் தரையில் உட்கார்ந்து, உங்கள் வேலையைப் பாருங்கள். அதன் மூக்குக்கு நேர் முன்னால் அதற்குக் கண் தெரியாது. கையைப் பக்கவாட்டில் கொண்டுபோய் நெற்றியைத் தடவுங்கள்.

அதன் பேச்சு உடம்பில்தான் இருக்கிறது. பின்னங்காலால் தரையைத் தட்டினால் ஆபத்து என்று எச்சரிக்கிறது. அந்தரத்தில் துள்ளி உடம்பைத் திருப்பினால் சந்தோஷம். தொப்பென்று பக்கவாட்டில் சாய்ந்து படுத்தால் உங்களை நம்பிவிட்டது. தடவும்போது பற்களை மெல்ல உரசினால் சுகம். சத்தமாக நறநறவென்று கடித்தால் வலி.

காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. தூக்கியே ஆகவேண்டும் என்றால் ஒரு கை மார்புக்கடியில், மறு கை பின்பக்கத்தைத் தாங்கி, உங்கள் நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள். பின்னங்கால் தொங்கினால் உதறும், அந்த உதறலிலேயே முதுகெலும்பு முறியலாம். குளிப்பாட்டவும் வேண்டாம், பூனையைப் போலத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்.

படி 7: தீனி

தட்டில் எண்பது சதவீதம் புல்லாக இருக்கட்டும். அறுகம்புல், நேப்பியர் புல், காய்ந்த புல் எதுவானாலும் இரவும் பகலும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கோலார் மாவட்டத்தில் மாடு வளர்ப்போர் ஏராளம். அவர்களிடம் சொல்லி வைத்தால் பசும்புல் கிடைக்கும். பூச்சிமருந்து அடித்த வயலின் புல் வேண்டாம். பழைய சுரங்கக் கழிவான சயனைடு மண்மேடுகளின் அடிவாரத்தில் முளைக்கும் புல்லை எக்காரணம் கொண்டும் அறுக்காதீர்கள். காற்று காலத்தில் அந்தத் தூசி பறக்கும்போது ஜன்னலைச் சாத்துங்கள். முயல் இயல்பாக மூக்கால் மட்டுமே மூச்சுவிடும், தூசி அதை வாட்டும்.

தினமும் ஒரு பிடி கொத்தமல்லி, புதினா, முள்ளங்கிக் கீரை கொடுக்கலாம். கேரட், வாழைப்பழம் எல்லாம் ஒரு துண்டு தின்பண்டம்தான். சோறு, ரொட்டி, பிஸ்கெட், வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கூடாது. தக்காளிக்குப் பேர்போன மாவட்டம் நம்முடையது. ஆனால் தக்காளிச் செடியின் இலையும் தண்டும் முயலுக்கு நஞ்சு. தண்ணீரைக் கனமான மண்சட்டியில் வையுங்கள்.

மூலையில் குவிந்து கிடக்கும் புழுக்கையைத் தினமும் பாருங்கள். கொண்டைக்கடலை அளவில், உருண்டையாக, விரலால் நசுக்கினால் நார் நாராக உதிர்ந்தால் வயிறு நன்றாக இருக்கிறது. இதைத் தவிர, மென்மையான இன்னொரு வகைப் புழுக்கையையும் போட்டுத் தானே தின்னும். முதல்முறை செரித்ததில் மிச்சமிருக்கும் சத்தை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது, தடுக்காதீர்கள்.

படி 8: வெயிலிலிருந்து காப்பாற்றுங்கள்

நம் ஊர் மேட்டுநிலம் என்றாலும், ஏப்ரல் மாத மதியத்தில் தகரக் கூரை, ஷீட் வீடுகள் உலைபோல் ஆகிவிடும். 30 டிகிரிக்கு மேல் முயலுக்கு ஆபத்து தொடங்குகிறது. அதற்கு வியர்க்காது, காதின் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். வேலைக்குப் போகிறவர்கள் இதை இலேசாக விடக்கூடாது. ஜன்னலில் நனைத்த கோணி கட்டுங்கள், மின்விசிறி ஓடட்டும். உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றி அதன் பக்கத்தில் வையுங்கள். மதியம் ஒரு தடவை எட்டிப்பார்க்கப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்துவிட்டுப் போங்கள். வாயைத் திறந்து மூச்சுவாங்கினால் காதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். குளிர்ந்த நீரில் முக்காதீர்கள்.

படி 9: மருத்துவரை முன்பே தேடி வையுங்கள்

உள்ளூர்க் கால்நடை மருத்துவமனைக்கு வருவதில் பெரும்பாலும் மாடும் ஆடும்தான். முயல் பார்த்துப் பழகியவரா என்று கேட்டு வையுங்கள். பெரிய சிகிச்சை என்றால் பெங்களூர் ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெண் முயலுக்குக் கருத்தடை செய்யாவிட்டால், வயதாக ஆகக் கருப்பைப் புற்று வரும் வாய்ப்பு மிக அதிகம்.

அரைநாள் தின்னவில்லை, புழுக்கை இல்லை என்றால் அது அவசரம். குடல் நின்றுபோனால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு அமாக்சிசிலின் போன்றவற்றை வாயில் ஊட்டாதீர்கள். குடலின் நல்ல கிருமிகளைக் கொன்று முயலையும் கொன்றுவிடும். நாய் உண்ணிக்குக் கழுத்தில் விடும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு விஷம்.

படி 10: வைத்துக்கொள்ள முடியாமல் போனால்

வேலை மாறலாம், வீடு மாறலாம், உடம்பு முடியாமல் போகலாம். அப்போது எடுத்த காப்பகத்துக்கே தகவல் சொல்லித் திருப்பிக் கொடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒப்பந்தத்திலும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ‘காட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளும்’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மனிதர் கையில் வளர்ந்த முயலுக்கு ஒளியத் தெரியாது, இரை தேடத் தெரியாது. ஓர் இரவு நாயிடமிருந்து தப்புவதே அபூர்வம். தத்தெடுக்கும் அன்றே காப்பகத்தின் எண்ணையும் மருத்துவரின் எண்ணையும் சுவரில் எழுதி ஒட்டி, வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள்.