கற்கும் பொறியும் விதிப் பொறியும்

கேத்திரகணித வகுப்பிலே நிறுவலொன்றை எழுதப் புகும் மாணவன் தரவு, நிறுவவேண்டியது, அமைப்பு, நிறுவல் என்னும் தலைப்புக்களை முறையே இட்டுக்கொள்வான். இவற்றுள் இறுதியாகிய நிறுவல் அத்துணைக் கடினமானதன்று. முன்னறிந்த தேற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துவைத்தால் அது முடிந்துவிடும். கடினமானது அமைப்பே. எப்புள்ளியை எப்புள்ளியோடு இணைப்பது, எக்கோணத்தை இருசமகூறிடுவது என்பதற்கு எந்நூலிலும் விதி கூறப்படவில்லை. பல கணக்குக்களைச் செய்து பழகியவனுக்கு அது தோன்றும். பழகாதவன் தாள் முழுவதும் கோடு கீறி, மணியடிக்கும்வரை விழித்திருப்பான். இக்கட்டுரையாளனும் அவ்வாறு விழித்திருந்தவர்களுள் ஒருவனே.

பழக்கத்தால் தோன்றும் அறிவு ஒன்று; விதிவழி நடக்கும் அறிவு மற்றொன்று. செயற்கை நுண்ணறிவு என இன்று வழங்கும் துறை, தோன்றிய காலந்தொட்டு இவ்விரண்டுக்கும் இடையே ஊசலாடி வந்துள்ளது. 1956ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் நியூவெல், சைமன், ஷா என்னும் மூவர் ஆக்கிய நிரலொன்று, வைற்ஹெட்டும் றசலும் எழுதிய கணித நூலின் இரண்டாம் அதிகாரத்திலுள்ள முதல் 52 தேற்றங்களுள் 38ஐ நிறுவிக் காட்டிற்று. அது முழுவதும் குறியீடும் விதியுமாய் அமைந்தது. இரண்டாண்டுகள் கழித்து, 1958இல், றோசன்பிளாற் என்பார் நரம்பணுக்களைப் போல ஒன்றோடொன்று பிணைந்த உறுப்புக்களைக் கொண்ட வேறொரு பொறியை வெளியிட்டார். இதற்கு விதி புகட்டுவதில்லை. எடுத்துக்காட்டொன்றைக் காட்டுவர், விடை பிழைப்பின், உறுப்புக்களிடையேயுள்ள பிணைப்பின் வலுவைச் சிறிது திருத்துவர், மீண்டும் காட்டுவர். இவ்வாறு பன்முறை செய்யச் செய்ய விடை நேராகும். இன்று உரையாடும் பொறிகளாக எம் பிள்ளைகளின் கைபேசியில் வந்து அமர்ந்திருப்பவை இந்நரம்பணு வலையின் பேரப்பிள்ளைகளே.

விதிப் பொறி, தான் கூறும் விடைக்குக் காரணமும் கூற வல்லது. ஆயினும் விதியில் இல்லாத தொன்று எதிர்ப்படின் செயலற்று நின்றுவிடும். கற்கும் பொறி எதற்கும் விடை கூறும். பிழையான விடையையும் அதே துணிவோடு கூறும். ஆதலின் இரண்டையும் ஒருங்கு பூட்டினால் என்ன என்னும் எண்ணம் எழுந்தது இயல்பேயாம். 2024ஆம் ஆண்டு தை மாதத்தில் கூகிள் நிறுவனத்தின் டீப்மைன்ட் ஆய்வுகூடத்தார் வெளியிட்ட 'ஆல்பாஜியோமெற்றி' இதற்கு நல்ல சான்று. அதிலே அமைப்பை முன்மொழிவது நரம்பணு வலை. நிறுவலைச் செய்வது விதிப் பொறி. நிறுவல் இடையில் நின்றுவிடின் வலை மற்றுமொரு புள்ளியையோ கோட்டையோ முன்மொழியும். உலகக் கணித ஒலிம்பியாட் போட்டியில் வந்த 30 கேத்திரகணித வினாக்களுள் 25ஐ அது செய்து முடித்தது. வலையைப் பயிற்றுதற்கு வேண்டிய எடுத்துக்காட்டுக்களை மனிதரிடம் பெறாது, விதிப் பொறியைக் கொண்டே 10 கோடியளவில் ஆக்கிக்கொண்டனர் என்பதும் நோக்கற்பாலது. எம் பழைய கணித ஆசிரியர்கள் இருந்திருப்பின், அமைப்பையும் நிறுவலையும் வெவ்வேறு தலைப்பின்கீழ் எழுதச் சொன்னது வீண்போகவில்லை என்று மகிழ்ந்திருப்பர்.

கணிதத்தில் எடுத்துக்காட்டை வேண்டிய அளவுக்கு ஆக்கிக்கொள்ளலாம். மொழியில் அஃது இயலாது. இங்கேதான் இவ்விடயம் தமிழராகிய எமக்கு நெருங்கியதாகின்றது.

வாக்கியமொன்றில் எச்சொல் எச்சொல்லைத் தழுவி நிற்கின்றது என்பதைக் கணினிக்குக் கற்பிக்க வேண்டுமாயின், அறிஞர் ஒருவர் சொல்லுக்குச் சொல் குறித்துவைத்த வாக்கியங்கள் தேவை. உலக மொழிகளுக்குப் பொதுவான முறையொன்றிற் குறிக்கப்பட்ட அத்தகைய தமிழ்த் தொகுதி, பிராக் நகரச் சாள்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதிலுள்ளவை செய்தித்தாளிலிருந்து எடுத்த 600 வாக்கியங்கள். பயிற்சிக்கு ஒதுக்கியவை 400 மாத்திரமே, எஞ்சியவை சோதிப்பதற்கானவை. அதே முறையில் அமைந்த இந்தித் தொகுதியிலோ 16,000க்கு மேற்பட்ட வாக்கியங்கள் உள. 400 வாக்கியங்களைக் கேட்டு எக்குழந்தை தமிழ் கற்கும்?

கொக்குவிலுக்கு அயலிலே, திருநெல்வேலியில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சர்வேஸ்வரன் அவர்கள், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக் கிஹான் டயஸ் அவர்களோடு இவ்விடர்ப்பாட்டுக்கு ஒரு வழி கண்டார். தமிழுக்குக் குறித்துவைத்த வாக்கியம் குறைவாயினும் இலக்கணம் குறைவன்று. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் எனப் பவணந்தியார் வகுத்த ஆறுறுப்புக்களையும் நாம் சிறுவயதிலேயே மனனம் பண்ணினோமல்லவா? 'நடந்தனன்' என்பதை நட+த்(ந்)+த்+அன்+அன் எனப் பிரித்தெழுதி எத்தனை சிலேற்று தேய்ந்தது! இவ்வகை விதிகளைக் கணினி நடக்கும் பாதையாக எழுதி ஆக்கியதே 'தமிழிமோர்ப்' என்னும் சொற்பகுப்புப் பொறி. கோண்டாவிலைத் தாண்டாது கொக்குவிற் புகையிரதம் சுன்னாகத்தை அடையாதவாறுபோல, இடைநிலையைத் தாண்டாது விகுதியை அடைதல் அங்கு இயலாது. ஜேர்மனியைச் சேர்ந்த மிரியம் பட் அம்மையாரும் உடனிருந்து எழுதிய இதன் விரிவான கட்டுரை 2021இல் வெளிவந்தது.

எனினும் இலக்கணம் மாத்திரம் போதாது. 'ஆடு' என்னுஞ் சொல்லைக் கொடுத்தால் விதிப் பொறி பெயர் என்றும் வினை என்றும் இரண்டு விடை தரும். இரண்டும் சரியே. 'ஆடு மேய்ந்தது' என்பதிற் பெயரும் 'ஊஞ்சல் ஆடு' என்பதில் வினையும் என்பதை அயற்சொற்களைக் கண்டே துணிதல் வேண்டும். 'சோலையிற் குயில் பாடும்' என்பதில் முற்றாய் நின்ற 'பாடும்', 'குயில் பாடும் சோலை' என்பதிற் பெயரெச்சமாகிச் சோலையைத் தழுவுகின்றது. வடிவமோ ஒன்றே. இத்துணிவு பழக்கத்தால் வருவது. கற்கும் பொறிக்கு உரியது.

ஆகவே 2020இல் அவ்விருவரும் வெளியிட்ட 'தமிழியூடிபி' என்னும் தொடர்ப்பகுப்புப் பொறியில் வேலை பங்கிடப்பட்டது. சொல்வகை குறிப்பதை, கோயம்புத்தூர் அம்ரிதா பல்கலைக்கழகத் தொகுதியிற் பயின்ற நரம்பணு வலை ஏற்றது, நூற்றுக்கு 93.27 என்னும் அளவை எட்டியது. சொல்லின் உறுப்பிலக்கணம் விதிப் பொறியின் பங்காயிற்று. சொற்களைத் தொடுப்பது மற்றொரு வலையின் வேலை. அதற்குத் தமிழ் வாக்கியம் போதாமையாற் பிறமொழி வாக்கியங்களையும் சேர்த்துப் பயிற்றினர். முடிவில் தொடர்புகளை உறவுப்பெயரோடு சரியாகக் காட்டியது நூற்றுக்கு 62.39. பரீட்சையாயின் இது திறமைச் சித்தி மாத்திரமே. ஆயினும் அதற்குமுன் தமிழுக்குக் கிட்டிய மிகச் சிறந்த பேற்றிலும் இது 4 புள்ளி கூடியது என்பதை மறத்தலாகாது.

பெருந்தொகையான எழுத்தை விழுங்கி வளரும் பொறிகள் இருக்க இனி இலக்கணம் எதற்கு என்று உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அண்மையில் என்னைக் கேட்டான். நான் அவனிடம், "உந்தப் புத்தகத்தை இங்கே தா" என்றேன். தந்தான். அவன் கையிலிருந்த புத்தகத்தை 'உந்த' என்று சுட்டினேன். கேட்போன் அருகிலுள்ளதைச் சுட்டும் இவ்வுகரச் சுட்டு, தமிழகத்துப் பேச்சில் வழக்கொழிந்து யாழ்ப்பாணத்தில் இன்றும் வாழ்கின்றது. அச்சேறிய தமிழில் 'உது', 'உவர்', 'உங்கே' என்பவை அருமையாகவே காணப்படும். காணாததைக் கற்கும் பொறி எங்ஙனம் கற்கும்? 'உங்கே' என்பதை 'உங்கள்' என்பதன் எழுத்துப்பிழையெனக் கருதித் திருத்தவுங் கூடும். அ, இ, உ மூன்றும் சுட்டு என்னும் ஒரு விதியை அறிந்த பொறிக்கோ இவ்விடர் இல்லை.

'வாறன்', 'போறியள்', 'செய்யிறம்' என எம் வீடுகளில் வழங்கும் வினைமுற்றுக்களுக்கும் இவ்வாறே விதி வகுக்கலாம். அதற்கு இலட்சக்கணக்கான வாக்கியங்கள் வேண்டியதில்லை. இலக்கணம் அறிந்தார் ஒருவரும் கணினி அறிந்தார் ஒருவரும் சில மாலைப்பொழுதுகள் ஒரே மேசையில் அமர்ந்திருத்தல் வேண்டும். பழைய மாணவருள் இரு திறத்தாரும் உளர்.