ஐந்து டொலர் அட்டையும் அரைவாசிப் பங்கும்

பிங்கோவில் எப்படி வெல்வது என்று என்னிடம் கேட்காத ஆள் ஸ்காபரோவில் குறைவு. ஜாக்பொட் அடித்தவள் என்று பெயரெடுத்துவிட்டேன், கோவிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போதும் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்கிறார்கள். அதே ஆட்கள் முதுகுக்குப் பின்னால் சூதாட்டக்காரி என்கிறார்கள். சூதுதான், மறுக்கவில்லை. ஒன்ராறியோவில் இந்த மண்டபங்கள் அனுமதிப் பத்திரத்தோடு நடக்கின்றன, வருமானத்தில் ஒரு பங்கு தொண்டு அமைப்புகளுக்குப் போகிறது. சீட்டுப் பிடித்தவரிடம் மொத்தக் காசையும் பறிகொடுத்துவிட்டு எனக்குப் புத்தி சொல்ல வருகிறவர்கள் இதையும் யோசிக்கட்டும்.

ராசியான அட்டை என்று ஒன்று கிடையாது. எங்கள் மேசையில் ஒரு அண்ணை இருந்தார். சின்ன விளையாட்டென்றால் 1-க்கும் 75-க்கும் கிட்டிய இலக்கங்கள் வரும், நீண்ட விளையாட்டென்றால் 38-ஐச் சுற்றி வரும், ரிப்பெற் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் கண்டுபிடித்தது என்பார். அதைப் பார்த்து அட்டை தெரிவு செய்வதிலேயே அவருக்கு அரை மணி போய்விடும். கூண்டுக்குள் 75 பந்து. முதல் பந்தாக 38 வருவதற்கும் 2 வருவதற்கும் ஒரே வாய்ப்புத்தான், கடைசிப் பந்து வரைக்கும் அதே நியாயந்தான். அவர் பெரிதாக எதுவும் வென்று நான் பார்த்ததில்லை. இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களுக்கு அதைத்தான் படிப்பிக்கிறார்.

பலிக்கிற கணக்கு மிகச் சின்னது. மண்டபத்தில் ஓடுகிற மொத்த அட்டைகளில் உங்களுடையது எத்தனை என்பதுதான் உங்கள் வாய்ப்பு. ஆகையால் சனிக்கிழமை இரவில் போகாதீர்கள். கிழமை நாளில் பின்னேரம் போங்கள். பனி கொட்டுகிற நாளில் போங்கள். பரிசு நிலையான தொகையா, விற்பனையில் ஒரு வீதமா என்று முதலே கேளுங்கள். வீதமென்றால் சனம் குறையப் பரிசும் குறையும், பனியில் போய்ப் பயனில்லை.

அட்டையை அள்ளி வாங்குவதும் பிழை. கண்ணும் கையும் ஓடுகிற அளவுக்குத்தான் வாங்க வேண்டும். பல மண்டபங்களில் அடுத்த இலக்கம் கூப்பிடுவதற்குள் “பிங்கோ” என்று கத்தாவிட்டால் வென்ற விளையாட்டும் கைவிட்டுப் போய்விடும். மெல்லிய குரல் உள்ளவர்கள் கையையும் சேர்த்துத் தூக்குங்கள்.

ஜாக்பொட்டுக்கு வருவோம். முழு அட்டையும், அதாவது நடுவிலே இலவசக் கட்டம் போக 24 இலக்கமும், இத்தனை அழைப்புக்குள் நிறைய வேண்டும் என்று எல்லை வைப்பார்கள். ஒருவருக்கும் விழாவிட்டால் சில இடங்களில் தொகையும் ஏறும், அழைப்பு எண்ணிக்கையும் ஏறும். எல்லாரும் தொகையைப் பார்த்து வாயூறுகிறார்கள். நான் பார்ப்பது எண்ணிக்கையை. 50 அழைப்புக்குள் ஒரு அட்டை நிறைவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 212,000-இல் ஒன்று. 51 என்றால் 112,000-இல் ஒன்று. 55-க்கு வந்தால் 10,400-இல் ஒன்று. ஒரேயொரு பந்து கூட, வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிக்கிறது. என் மகன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கிறான், அவன் போட்டுத் தந்த கணக்கு. எண்ணிக்கை 50-இல் நிற்கிற கிழமை ஜாக்பொட் அட்டைக்குக் காசு போடாதீர்கள், 55-ஐத் தாண்டிய கிழமை போடுங்கள். அப்படிக் காத்திருந்துதான் எனக்கு விழுந்தது, 21,000 டொலருக்குக் கொஞ்சம் மேலே. அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். கத்தினேன், அட்டையின் இலக்கத்தைச் சரி பார்த்தார்கள், அடையாள அட்டை கேட்டார்கள், என் பெயருக்குக் காசோலை தந்தார்கள். இவ்வளவுதான்.

பிரச்சினை பக்கத்துக் கதிரையில் இருந்தது.

அங்கே இருந்தவ என் சிநேகிதி. எங்கள் இருவரின் ஒப்பந்தமும் வாயால் கதைத்தது. வழமையான விளையாட்டுகளுக்கு ஆளுக்கு 20 டொலர் போட்டு அட்டை வாங்குவோம், யாருக்கு விழுந்தாலும் அரைவாசி. அப்படி 50, 100 என்று வந்ததையெல்லாம் பஸ் தரிப்பிடத்திலேயே பிரித்தோம், ஒரு முறுகல் இல்லை. ஜாக்பொட் அட்டை மட்டும் அவரவர் காசு, அவரவர் பாடு. எனக்கு இது தெளிவு. அவவுக்கும் தெளிவு என்றுதான் இருந்தேன்.

ஜாக்பொட் விழுந்த அன்றைக்குச் சனம் கூடியதால் நான் மேசை பிடித்துக்கொண்டு நிற்க, அவ வரிசையில் நின்று இரண்டு பேருக்கும் ஜாக்பொட் அட்டை வாங்கி வந்தா. என்னுடையது 5 டொலர். அந்த 5 டொலரைக் கோப்பியும் பற்றீஸும் வாங்கும்போது நான் கணக்குத் தீர்த்துவிட்டேன். தீர்க்கவில்லை என்கிறா அவ. கோப்பி வாங்கித் தந்ததை ஒப்புக்கொள்கிறா, ஆனால் அது உபசாரமாம். இன்னொரு நியாயமும் வைத்திருக்கிறா: “நான் கீழ இருந்த தாளை உங்களுக்குத் தந்திருந்தா எனக்கெல்லோ அக்கா விழுந்திருக்கும்?” சரி, விழுந்திருக்கும். எனக்கு அரைவாசி தந்திருப்பாவா என்று நான் கேட்டேன். பதில் வரவில்லை.

வீட்டில் இவர் ஒரு சதமும் கொடுக்கக் கூடாது என்றார். மாமி கொடுத்துவிடு, கண்ணூறு கழியட்டும் என்றா. நான் கொஞ்ச நாள் யோசித்துவிட்டு 5,000 டொலர் கொடுத்தேன், பங்காக அல்ல, அன்பளிப்பாக. கனடாவில் அன்பளிப்புக்கு வரி இல்லை என்பதால் இரண்டு பக்கத்துக்கும் சிக்கலில்லை. வாங்கிக்கொண்டா. வாங்கிய பிறகும் கலியாண மண்டபங்களில் “அவ என்ர பாதியை விழுங்கிப்போட்டா” என்று சொல்லித் திரிகிறா. 5,000-ஐப் பற்றி மூச்சு இல்லை. கொடுத்ததால் பங்கு இருந்ததை நானே ஒப்புக்கொண்டதாகவும் ஒரு வியாக்கியானம் ஓடுகிறது. வேலைத்தளத்தில் என் பக்கத்தில் நின்று எனக்கு ஆங்கிலம் சொல்லித்தந்த சிநேகிதி அவ. இந்தக் காசில் எனக்கு எது கூட நட்டம் என்று கேட்டால் அந்த 5,000-ஐச் சொல்லமாட்டேன்.

ஒரு துண்டுக் கடதாசி இருந்திருந்தால் எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஒன்ராறியோவில் லொத்தர் நடத்துகிற அரச நிறுவனமே கூட்டாக வாங்குகிறவர்களிடம் பெயரையும் பங்கையும் எழுதிக் கையெழுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறது. நாங்கள் எழுதுவதை அவமானமாக நினைக்கிறோம். எழுதச் சொன்னால் “என்னை நம்பேல்லையோ” என்று முகத்தைத் தூக்குவார்கள் என்று பயம்.

மிச்சக் காசின் கதை சுருக்கம். லொத்தர், பிங்கோப் பரிசுக்குக் கனடாவில் வருமான வரி இல்லை. அதை வங்கியில் போட வருகிற வட்டிக்கு வரி உண்டு. ஆனபடியால் ரி.எஃப்.எஸ்.ஏ. என்கிற வரியில்லாச் சேமிப்புக் கணக்குக்குள் போடுங்கள், அதற்குள் வளர்வதற்கு வரி இல்லை. அந்தத் திட்டம் தொடங்கிய 2009-இலிருந்து ஒரு சதமும் போடாதவருக்கு, அப்போதே 18 வயது நிரம்பி இங்கே குடியிருந்தவரென்றால், 2025-இல் 102,000 டொலர் வரை இடம் இருந்தது. பிந்தி வந்தவர்களுக்கு வந்த வருடத்திலிருந்துதான் கணக்கு. அளவுக்கு மேலே போட்டால் மாதம் 1 வீதம் தண்டம்.

மூத்த அத்தான் ஒரு யோசனை சொன்னார், மாமியின் பெயரில் சாதாரண வைப்பில் போடட்டாம். உங்கள் வீட்டிலும் முதியோர் உதவித்தொகையோடு, வருமானம் குறைந்த முதியோருக்கான ஜி.ஐ.எஸ். கொடுப்பனவும் எடுக்கிற மாமி இருப்பா, கவனியுங்கள். சாதாரண வைப்பின் வட்டி அவவின் வருமானத்தில் ஏறும், ஒவ்வொரு டொலருக்கும் ஏறக்குறைய 50 சதம் ஜி.ஐ.எஸ்.-இல் வெட்டுவார்கள். ரி.எஃப்.எஸ்.ஏ.-இலிருந்து எடுப்பது அந்தக் கணக்கில் வராது. அத்தானுக்கு இதை விளக்கினேன். அடுத்த கிழமை அவருடைய உணவகத்துக்கு 10,000 முதல் கேட்டு வந்தார். கொடுக்கவில்லை. அந்த உணவகம் பிறகு பூட்டியது, அதற்கும் நான்தான் காரணமாம்.

ஒரு பகுதியை வீட்டுக் கடனில் கட்டினோம். எல்லாவற்றையும் கட்டத்தான் ஆசை, ஆனால் மூடிய கடனென்றால் வருடத்துக்கு இவ்வளவுதான் தண்டமில்லாமல் கூடுதலாகக் கட்டலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். வங்கிக்குப் போக முதல் அந்தப் பக்கத்தை எடுத்து வாசியுங்கள்.

பிங்கோவுக்கு இன்றைக்கும் போகிறேன், 40 டொலரை எண்ணி எடுத்துக்கொண்டு, வங்கி அட்டையை வீட்டில் வைத்துவிட்டு. இப்போது தனியாகத்தான் இருக்கிறேன். நீங்கள் யாரோடாவது சேர்ந்து போவதென்றால், உள்ளே போக முதல் ஒரு துண்டை எடுங்கள். யார் எவ்வளவு போட்டது, எந்த விளையாட்டுக்குப் பங்கு, எதற்குப் பங்கில்லை, ஒருவர் மற்றவருக்கு அட்டை வாங்கிக் கொடுத்தால் அது யாருடைய அட்டை, இவ்வளவையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். கோப்பிக் காசையும் தனியாக எழுதுங்கள்.