அரளிச் செடியும் கால்நடைப் பாதுகாப்பும்

தென்னேரி முதலிய காஞ்சிபுரத்துச் சுற்றுப்புறக் கிராமங்களில் அரளியை அறியாதார் இலர். வீட்டு முற்றத்தில் அழகுக்காகவும், கோயில் நந்தவனத்தில் மாலைக்காகவும், நெடுஞ்சாலைகளின் நடுவில் பசுமைக்காகவும் இது வைக்கப்படுகிறது. ஆடு மாடுகள் இதைக் கடிப்பதில்லை என்பதனால் வேலிக்கும் உகந்ததென்று குடியானவர்கள் கருதுகின்றனர். இவ்வெண்ணத்திலேயே அபாயம் அடங்கியிருக்கிறது.

விஷத்தின் தன்மை

செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சள் அரளி ஆகிய மூன்றும் விஷமுடையவை. வேர், பட்டை, இலை, பூ, விதை, பால் யாவற்றிலும் விஷம் உண்டு. செவ்வரளியில் ஒலியாண்ட்ரினும், மஞ்சள் அரளியில் தெவெட்டின் முதலியனவும் உள்ளன. இவை இருதயத் தசையின் இயக்கத்தைக் குலைத்து, நாடியை ஒழுங்கற்றதாக்கி, முடிவில் நிறுத்திவிடும். வளர்ந்த மாட்டின் உயிரைப் போக்க 10 முதல் 20 இலைகளே போதுமானவை.

பச்சை இலை மிகவும் கசப்பாதலால் மாடு தானாக அதை நாடுவதில்லை. ஆனால் வெட்டிப் போட்ட கிளை வாடி உலர்ந்தபின் விஷம் நீங்குவதில்லை. உலர்ந்த இலை வைக்கோலுடனோ, புல்லுடனோ கலந்துவிட்டால் மாடு வேறுபாடு அறியாமல் தின்றுவிடும். ஆகவே, நிற்கும் செடியைக் காட்டிலும் வெட்டிய கிளையே அதிக ஆபத்தானது.

கேரளத்தில் 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில், அரளியைத் தின்றதாகக் கருதப்பட்ட ஓர் இளம்பெண் மரணமடைந்ததை அடுத்து, திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை விலக்கிற்று. பத்தனம்திட்டா ஜில்லாவில், வெட்டிய அரளி இலையைத் தின்ற பசுவும் கன்றும் இறந்ததாக அக்காலத்திலேயே செய்தி வெளியாயிற்று.

குறிகளும் சிகிச்சையும்

மாட்டுக்கு எச்சில் ஒழுகுதல், வயிற்று வலி, இரத்தங் கலந்த கழிச்சல், தள்ளாட்டம், கால்களும் காதுகளும் சில்லிடுதல் ஆகியவை சில மணி நேரத்திற்குள் தோன்றக்கூடும். சில சமயம் குறியொன்றுமின்றியே மாடு விழுந்து இறக்கும். ஐயம் எழுந்தவுடன் தீனியை அகற்றுக. மாட்டை நடத்தவோ ஓட்டவோ வேண்டாம். 1962 என்னும் எண்ணில் கால்நடை வைத்தியரை அழைத்து, அரளி தின்றிருக்கலாம் என்பதைத் தெரிவிக்க வேண்டும். வைத்தியர் அனுமதிக்கும்வரை அம்மாட்டின் பாலை உபயோகிக்கலாகாது. குழந்தைகளோ பெரியவர்களோ தின்றுவிட்டால், வாந்தி எடுக்கச் செய்து காலம் போக்காமல், 108 வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. வீட்டு நாய்க்கும் இவ்விஷம் ஆகாது.

செய்யவேண்டியவை

1. வெட்டிய கிளைகளை அன்றே பொறுக்கி, மாடு அணுகாத இடத்தில் ஆழக் குழியில் புதைக்க வேண்டும்.
2. அவற்றை எரிக்கலாகாது, புகையும் தீங்கு செய்யும். அடுப்புக்கும் ஆகாது.
3. ஏரி, வாய்க்கால், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றில் இலை விழ விடலாகாது.
4. கழித்த அரளி மாலைகளைக் கோயில் வாயிலில் குவித்தால் தெருமாடுகள் தின்னும். அவற்றையும் புதைக்கச் செய்ய வேண்டும்.
5. தொழுவம், வைக்கோற்போர், பள்ளிக்கூடம் ஆகியவற்றின் அருகில் அரளியை வைக்கலாகாது.

அரளியை அடியோடு அழிக்க வேண்டுமென்பதில்லை. செடியை வெட்டும் நாளில் கிராம அதிகாரிகள் கிளைகள் போகுமிடத்தைக் கவனித்தால், பல உயிர்கள் காக்கப்படும்.