டெஸ்க்டொப் செத்துப்போச்சாம்!

மிசிசாகாவில் பிள்ளைகளின் பிறந்தநாள் விழாவுக்குப் போனால் சாப்பாட்டு மேசைக்கு வருவதற்குள் யாராவது பிடித்துக்கொள்கிறார்கள். "அண்ணை, டெஸ்க்டொப் எல்லாம் செத்துப்போச்சு. பிள்ளைக்கு ஃபோன் அப் செய்யப் படிப்பிச்சால்தான் நாளைக்கு வேலை." இதைச் சொல்பவரே ஏப்ரல் 30க்கு முன் வரிக் கணக்கைத் தூக்கிக்கொண்டு கணக்காளரிடம் ஓடுவார். அந்தக் கணக்காளர் எதில் தட்டுகிறார் என்று ஒருமுறை எட்டிப் பார்த்தாலே போதும்.

நம்பிக்கை: டெஸ்க்டொப் வேண்டாம், நேரே ஃபோன் அப்புக்குப் போகலாம்.

உண்மை: சரி, அந்த அப்பை எதில் எழுதப்போகிறீர்கள்? ஆண்ட்ராய்டுக்கு எழுத வழக்கமாக ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ வேண்டும். அதுவே ஒரு டெஸ்க்டொப் மென்பொருள். அதன் மெனுக்களையும் பட்டன்களையும் வரைவது சுவிங், 1998இல் ஜாவாவோடு வந்த கருவித்தொகுப்பு. ஐஃபோனுக்கு எழுத வழக்கமாக எக்ஸ்கோட் வேண்டும். அது மாக் கணினியில்தான் ஓடும். எழுதியதை ஆப்பிள் கடையில் வைக்க ஆண்டுக்கு 99 அமெரிக்க டொலர் வேறு. பைத்தன் மொழியும், விண்டோவும் பட்டனும் வரைய அதனோடு வரும் டிகின்டர் கருவித்தொகுப்பும் இலவசம். வீட்டு மூலையில் தூசி பிடித்துக் கிடக்கும் விண்டோஸ் மடிக்கணினியே தாராளம்.

காசைக்கூட விடுங்கள். விண்டோவுக்கு வருவதற்கு முன் பிள்ளை எழுதிய நிரல் மேலிருந்து கீழே ஓடி முடிந்துவிடும். விண்டோ உள்ள நிரல் முடியாது. யார் எதை அழுத்துவார் என்று காத்திருக்கும். இந்த மாற்றம் மண்டையில் ஏறத்தான் நாள் எடுக்கும். பட்டனை அழுத்தும்போது ஓட வேண்டிய செயற்பாட்டின் பெயரை 'சேமி' என்று மட்டும் கொடுக்க வேண்டிய இடத்தில் 'சேமி()' என்று அடைப்புக்குறியோடு கொடுப்பார்கள். விண்டோ திறக்கும்போதே சேமிப்பு நடந்து முடிந்துவிடும், பிறகு விரல் தேய அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. இன்னொன்று, பட்டனின் வேலைக்குள் "பத்து வினாடி தூங்கு" என்று எழுதுவது. விண்டோ முழுவதும் உறைந்துபோகும். வந்த நிகழ்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்கும் சுழல் ஒன்றே ஒன்றுதான். ஒரே காசாளர் உள்ள கடையில் அவர் கண்ணயர்ந்தால் வரிசை அப்படியே நிற்கும் அல்லவா? விண்டோஸ் ஏறத்தாழ ஐந்து வினாடி பொறுத்துவிட்டு, நிரல் பதிலளிக்கவில்லை என்று தலைப்பில் எழுதிவிடும். ஆண்ட்ராய்டும் தொடுகைக்கு ஐந்து வினாடிதான் பொறுக்கும். அங்கும் அதே சுழல், அதே சட்டம். இதில் எது செத்துப்போனது?

இந்த மாகாணத்துக்கு இந்தச் சுழல் புதிதும் அல்ல. ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தில் ரிக் ஹோல்ட்டும் ஜேம்ஸ் கோர்டியும் 1982இல் உருவாக்கிய டியூரிங் மொழியை ஒன்ராறியோ உயர்பள்ளிகள் பல ஆண்டுகள் கற்பித்தன. அதில் பட்டன் வைத்த மாணவர் நிகழ்வுச் சுழலைத் தன் கையாலேயே எழுத வேண்டும். டிகின்டரில் 'மெயின்லூப்' என்ற ஒற்றை வரி அதை மூடி மறைத்துவிடுகிறது. 2007இல் ஹோல்ட்டின் நிறுவனம் மூடப்பட்டபோது டியூரிங் இலவசமானது. அதோடு மெல்ல மறக்கவும் பட்டது. எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்தான்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மூச்சு தேவையில்லை. கணக்கில் நூறு எடுக்கும் பிள்ளைக்குத்தான் நிரல் வரும் என்பது வெறும் பேச்சு. பட்டன் வைக்கக் கூட்டல், கழித்தல் போதும். பள்ளிக்கூடம் கொடுத்த குரோம்புக்கே போதும் என்பார்கள். அதில் லினக்ஸைத் திறந்துவிட்டால்தான் டிகின்டர் ஓடும், பள்ளிக்கூடம் அதைப் பெரும்பாலும் பூட்டியே வைத்திருக்கும். ஏஐ எழுதித் தருமாம். தரட்டும்! அந்த அடைப்புக்குறி ஏன் பிழை என்று தெரியாத பிள்ளை, அது தந்ததில் எதைத் திருத்தும்?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், முதல் பயிற்சியாக இன்னொரு கால்குலேட்டர் செய்ய விடாதீர்கள். கணினியில் தமிழ் தட்ட முடிந்ததே டெஸ்க்டொப் நிரல்களால்தான். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு, பிறகு சென்னையில் விஸ்வநாதன் செய்த அழகி. நம் பிள்ளைகள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஓர் உயிர்மெய்ப் பெட்டி செய்யட்டும். ஒரு வரிசையில் மெய், மறுவரிசையில் உயிர். இரண்டையும் அழுத்தினால் சேர்ந்த எழுத்து பெரிதாக வர வேண்டும். 'க்' இன் புள்ளியைக் கழற்றிவிட்டுக் காலை ஒட்டுவதற்குள் நல்ல நிரலாக்கமே படித்துவிடுவார்கள். பைத்தன் 3இல் மாறிகளுக்கும் செயற்பாடுகளுக்கும் தமிழ்ப் பெயர் வைக்கலாம். மேலே சொன்ன 'சேமி' அப்படியே ஓடும். பெட்டியை விண்டோஸிலேயே செய்யுங்கள், லினக்ஸில் டிகின்டர் நம் கொம்புகளை இடம்மாற்றிப் போட்டுவிடும்.

அடுத்ததாகச் சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ண வைக்கலாம். 'அம்மா'வுக்குப் பைத்தன் 5 என்று சொல்லும், புள்ளியையும் காலையும் தனித்தனியாக எண்ணுவதால். முத்து அண்ணாமலையும் நண்பர்களும் இலவசமாகத் தரும் ஓப்பன்-தமிழ் தொகுப்பை நிறுவிக் கேட்டால் 3 என்று வரும்.